படகில் ‘ங்க’ கிடையாது

படகில் கயிறு என்று ஒன்று கிடையாது என்று முதல் நாள் வகுப்பிலேயே அவர் சொன்னார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவருக்குப் பின்னால் சுவரில் ஆணி அடித்துப் பத்துப் பன்னிரண்டு கயிறு தொங்கிக்கொண்டிருந்தது.

“அப்ப அது இன்னாது?” என்றேன்.

“கடையில கீற வரைக்கும் அது கயிறு, நைனா. படகுல ஏறிட்டா அதுக்குன்னு ஒரு பேரு. பாய மேல ஏத்தறது ஹாலியார்ட். ஏத்தின பாய இழுத்துப் புடிக்கறது ஷீட். படகு மூஞ்சில கட்டி இஸ்துக்கினு போறது பெயிண்டர்.”

“பெயிண்டர்னா சொவுத்துக்கு அடிக்கறவன்யா.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள்.

அடையாறில் ஒரு டியூஷன் சென்டரின் மாடி அது. சனிக்கிழமை மதியங்களில் அந்த அறையை வாடகைக்கு எடுத்து, பாய்மரப் படகு ஓட்டுவதற்கு வகுப்பு நடத்தினார்கள். சனிக்கிழமை இங்கே கயிறும் கரும்பலகையும். ஞாயிற்றுக்கிழமை ஈசிஆரில் ஒரு காயலில் படகு. நடத்தியவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அடையாற்று முகத்துவாரத்துக் குப்பத்தில் பிறந்தவர். சில வருடம் கப்பலில் வேலை பார்த்துவிட்டு வந்து இதைச் சொல்லிக்கொடுக்கிறார். எல்லோரும் அவரை மாஸ்டர் என்றார்கள். நான் அவரைவிட இருபது வயது மூத்தவன். பார்த்த அரை மணி நேரத்தில் என்னை நைனா ஆக்கிவிட்டார்.

நான் அங்கே போனது படகு ஆசையில் இல்லை. ஆசை என் மனைவிக்கு.

அவள் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் எடுக்கிறாள். காற்று எதிரே அடிக்கும்போது பாய்மரப் படகு எப்படி அந்தக் காற்றை நோக்கியே போகிறது என்று இருபத்திரண்டு வருடமாகக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு விளக்கியிருக்கிறாள். ஒரு நாள் பதினொன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, “மிஸ், நீங்க அந்தப் படகுல போயிருக்கீங்களா?” என்று கேட்டிருக்கிறாள். இல்லை என்றிருக்கிறாள் இவள். அந்தப் பெண் “ஓ” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்த ‘ஓ’ எங்கள் மந்தைவெளி வீட்டுக்கு வந்து சேர்ந்தது. தோசை ஊற்றும்போது, “அந்தப் பொண்ணு ஒண்ணும் தப்பாக் கேக்கலை” என்பாள். நான் ஒன்றும் கேட்டிருக்க மாட்டேன்.

இந்த வகுப்பின் கடைசியில் ஒரு தேர்வு உண்டு. தேறினால் ஒரு அட்டை கொடுப்பார்கள். அது இருந்தால் மாஸ்டர் கூட வராமலேயே, வகுப்பு நடத்தும் கிளப்பின் படகை எடுக்கலாம். அந்த அட்டைதான் அவளுக்கு வேண்டும். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாமே என்றேன். முழங்காலைக் காட்டினாள். தேய்மானம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தச் சின்னப் படகில் முட்டி போட வேண்டும், குந்த வேண்டும், பக்கத்துக்குப் பக்கம் தாவ வேண்டும். அடுத்த வருடம் என்றால் இல்லை என்றுதான் அர்த்தம்.

ஒரு படகுக்கு இரண்டு பேர். சுக்கான் பிடிப்பவர் ஸ்கிப்பர், மற்றவர் துணை. வகுப்பில் சேர்ந்தது ஏழு பேர். ஆறு பேர் ஐடி கம்பெனிப் பிள்ளைகள், ஏற்கெனவே ஜோடி சேர்ந்து வந்தவர்கள். மிச்சம் இவள் ஒருத்தி. “துணைக்கு யாராவது இட்டுனு வாங்க டீச்சர்” என்றிருக்கிறார் மாஸ்டர். தங்கையைக் கேட்டாள். கூட வேலை பார்க்கும் கணக்கு டீச்சரைக் கேட்டாள். கீழ் வீட்டு அம்மாவைக்கூடக் கேட்டாள். கடைசியாக என்னைக் கேட்டாள். கடைசியாகக் கேட்டது எனக்குப் பிடிக்கவில்லை. அதை அப்போதே சொல்லிவிட்டுத்தான் ஒப்புக்கொண்டேன்.

எனக்கு ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறை. பம்புக்கு ஷாஃப்ட் கடைகிறோம். அந்தச் சத்தத்தில் முப்பது வருடம் இருந்ததால் எனக்கு மெதுவாகப் பேச வராது. நான் சாதாரணமாகப் பேசினாலே சண்டை போடுகிறேன் என்று நினைக்கிறார்கள். பாதி நேரம் சண்டைதான் போடுகிறேன், அது வேறு விஷயம்.

அவள் குடும்பம் திருநெல்வேலிப் பக்கம். அவள் அப்பா தி.நகரில் ஜவுளிக் கடை வைத்திருந்தார். அவர்கள் வீட்டில் புருஷனை ‘ங்க’ போட்டுத்தான் கூப்பிடுவார்கள். அதுவும் சும்மா ‘ங்க’ இல்லை. ‘உக்காருங்க’ என்று நாம் சொன்னால் அவர்கள் ‘உக்காந்துக்கிடுங்க’ என்பார்கள். கே.கே. நகரில் எங்கள் வீட்டில் என் அம்மா என் அப்பாவை ‘யோவ்’ என்றுதான் கூப்பிட்டாள். சாகும்வரை யோவ்தான். கல்யாணமான புதிதில் இவள் என்னை ‘ஏங்க’ என்றபோது பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்திருக்கிறேன். பழகியபிறகு ஒன்று தெரிந்தது. கோபம் வந்தால் அவளுக்கு மரியாதை கூடும். ‘சாப்பிடுங்க’ என்றால் சரி. ‘சாப்பாடு எடுத்து வச்சிருக்கேன், முடிஞ்சா சாப்பிட்டுக்கிடுங்க’ என்றால் வீட்டில் ஏதோ பெரிதாக நடந்திருக்கிறது.

முதல் ஞாயிறு காயலில் இறங்கினோம். மாஸ்டர் மோட்டார் படகில் பக்கத்திலேயே வந்தார்.

“நைனா, ஷீட்ட இழு!” என்று கத்தினார்.

பட்டறையில் ஷீட் என்றால் தகடு. இங்கே தகடு எங்கே இருக்கிறது? விரித்துக் கட்டியிருப்பது பாய் ஒன்றுதான், அதுதான் ஷீட்டாக இருக்க வேண்டும் என்று அதன் ஓரத்தைப் பிடித்து இரண்டு கையாலும் இழுத்தேன். படகு ஒரு பக்கம் சாய்ந்தது.

“அய்யோ, பாய வுடு! பாய வுடு! ஷீட்டுன்னா பாய் இல்ல, கயிறு!”

“கயிறே கிடையாதுன்னு நீதானய்யா சொன்னே?”

ஐடி பிள்ளைகள் மூன்று படகிலிருந்தும் சிரித்தார்கள். என் மனைவி சிரிக்கவில்லை. அவள் சுக்கானைப் பிடித்துக்கொண்டு உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். சிரித்தால் நான் இறங்கி நடந்து போய்விடுவேன் என்ற பயம். இடுப்பளவு தண்ணீர்தான், போயிருப்பேன்.

இரண்டாம் ஞாயிறு மண்டை வீங்கியது.

பாயின் அடிப்பக்கத்தில் ஒரு நீளக் கட்டை இருக்கும். பூம் என்பார்கள். படகு திரும்பும்போது அது ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வீசிக்கொண்டு வரும். ஸ்கிப்பர் முன்கூட்டியே குரல் கொடுக்க வேண்டும். துணை குனிய வேண்டும். நான் அணியத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். அணியம் என்றால் படகின் முன்பக்கம். மாஸ்டரின் குப்பத்து வார்த்தை, அது ஒன்றுதான் எனக்குச் சட்டென்று ஒட்டிக்கொண்டது. பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது.

“ஏங்க, கொஞ்சம் தலையக் குனிஞ்சுக்கிடு—”

ணங்கென்று விழுந்தது. அலுமினியக் கட்டை. கண்ணில் பூச்சி பறந்தது.

“—ங்க” என்று முடித்தாள்.

முடிக்காமல் விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அடி வாங்கினவனுக்கு எதற்கு மரியாதை?

கரைக்கு வந்ததும் மாஸ்டர் ஐஸ் கொண்டுவந்து என் தலையில் வைத்தார். அவளைப் பார்த்து, “டீச்சர், போட்ல ‘ங்க’ கிடையாது. ‘குனி’ன்னா ரெண்டெழுத்து. நீங்க ஒரு வாக்கியம் சொல்லிக்கினு கீறீங்க. அதுக்குள்ள பூம் வந்து போயிடும், நைனாவும் போயிடுவாரு” என்றார்.

“இங்கிலீஷ்ல சொல்லிப் பாக்கட்டுமா?” என்றாள்.

“சொல்லுங்க. டக்.”

“டக் பண்ணுங்க” என்றாள் அவள்.

மாஸ்டர் வானத்தைப் பார்த்தார்.

அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. பட்டறையிலும் அப்படித்தான். ‘அணை’, ‘பிடி’, ‘விடு’. அதற்கு மேல் ஒரு எழுத்து சேர்த்தால் எவனாவது விரலை இழப்பான். அந்த வாரம் முழுவதும் வீட்டில் பழகச் சொன்னேன். அவள் சமையலறை வாசலில் நிற்பாள். நான் ஹாலில் நடப்பேன். “குனி” என்பாள். நான் குனிவேன். ஒரு நொடி சும்மா இருப்பாள். பிறகு பொறுக்க முடியாமல் “ங்க” என்பாள். குனிந்தபடியே நான் கத்துவேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். இருபத்துநாலு வருடப் பழக்கம் ஒரு வாரத்தில் போகுமா?

ஆனால் முடிச்சில் அவள் கெட்டிக்காரி. கயிறு வாங்கவில்லை. தி.நகருக்குப் போய்ப் பாவாடை நாடா வாங்கி வந்தாள். தடித்த வெள்ளை நாடா ஒரு கட்டு, மெல்லிய சிவப்பு நாடா ஒரு கட்டு. கட்டில் காலில், நாற்காலிக் கையில், நான் பேப்பர் படிக்கும்போது என் கால் கட்டைவிரலில் என்று எல்லாவற்றிலும் கட்டிப் பழகினாள். ஒரு தடவை போன் அடித்ததும் எழுந்தேன். நாற்காலியும் கூட வந்தது.

நான் பழகவில்லை. எனக்கு எதற்கு? முப்பது வருடமாக டெம்போவில் ஷாஃப்ட் ஏற்றிக் கட்டுகிறேன். இரண்டு முனையையும் எடுத்து ஒன்றின்மேல் ஒன்று போட்டு ஒரு முடிச்சு, அதன்மேல் இன்னொரு முடிச்சு, இழுத்தால் தீர்ந்தது. கிண்டியிலிருந்து ஓசூர்வரை அவிழாமல் போயிருக்கிறது.

அதை மாஸ்டரிடம் கட்டிக் காட்டினேன். பார்த்தார்.

“நைனா, இது மூட்டை கட்ற முடிச்சு. பின்னாடி ஷாஃப்ட் வெயிட்டா அமுக்கினு கீது, அதனால நிக்குது. ரெண்டு கயித்த சேத்து இஸ்தா இது பல்லக் காட்டிடும். அதுலயும் ஒண்ணு தடி, ஒண்ணு மெல்லிசுன்னா கேக்கவே வேணாம், உருவிக்கினு போயிடும்.” பிறகு சரியான முடிச்சைக் காட்டினார். ஷீட் பெண்ட் என்று பெயர். “தடிக் கயித்த இப்படி மடிச்சுக்க. அது சும்மா குனிஞ்சுக்கினு நிக்கட்டும். மெல்லிசுதான் வேல செய்யும். மடிப்புக்குள்ள கீழருந்து மேல வருது, தடியோட ரெண்டு காலயும் பின்னால சுத்துது, வந்து தன் கழுத்துக்கு அடிலயே பூந்துக்குது. முடிஞ்சுது. எவ்ளோ இஸ்தாலும் இறுகும். வேணாம்னா சுளுவா அவுக்கலாம்.”

என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். “உங்கள மாதிரிதான். நீ தடி, டீச்சர் மெல்லிசு. தடிதான் நைனா குனியணும்.”

வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்துவிட்டாள். நான் தடி என்பது ஊரறிந்த விஷயம், அதற்குக் கோபம் வரவில்லை. கையில் நாடாவை வாங்கி ஒரு தடவை கட்டினேன், வந்தது. போதும் என்று வைத்துவிட்டேன். இதில் வாழ்க்கைத் தத்துவம் எதுவும் இல்லை. கயிறு கயிறுதான். நான் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

தேர்வு நாள் வந்தது. காலை எட்டு மணிக்கே காற்று கிளம்பிவிட்டது. கரையிலிருந்து அகலமான தண்ணீருக்குப் போக ஒரு குறுகலான வழி உண்டு. இரண்டு பக்கமும் மீன்காரர்கள் வலை கட்ட நட்ட கழிகள் இருக்கும். அதில் எதிர்க்காற்றில் பாய் விரித்துப் போக முடியாது. அதனால் ஒவ்வொரு படகாக மாஸ்டரின் மோட்டார் படகு இழுத்துக்கொண்டு போய் அகலத்தில் விடும். அங்கே மூன்று மிதவைகளைச் சுற்றி வர வேண்டும்.

“முடிச்சுப் பரீட்சையும் இதுதான்” என்றார் மாஸ்டர். “உங்க படகு பெயிண்டரு தடி. என் மோட்டார்ல கீற கயிறு மெல்லிசு நைலான். ரெண்டையும் நீங்களே சேத்துக்குங்க. நான் பாக்க மாட்டேன். தண்ணி பாத்துக்கும்.”

“கயிறு இல்லன்னு சொன்னே?” என்றேன்.

“இன்னிக்காவது வாய மூடு நைனா” என்றார்.

அவள் பாயைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். நான் அணியத்தில் உட்கார்ந்து இரண்டு முனையையும் கையில் எடுத்தேன். கை தானாகப் பழைய வேலையைச் செய்தது. ஒரு முடிச்சு, அதன்மேல் இன்னொரு முடிச்சு, ஒரு இழுப்பு. அவள் பின்னாலிருந்து, “சரியாக் கட்டியாச்சுங்களா?” என்று கேட்டாள்.

“முப்பது வருஷமாக் கட்றேன்!” என்று கத்தினேன். கரையில் நின்றவர்களெல்லாம் திரும்பினார்கள். அவள் எட்டிப் பார்த்தாள். பிறகு தன் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

மோட்டார் படகு இழுத்தது. கயிறு விறைத்தது. நடு வழியில், கழிகளுக்கு நடுவே, என் கண் முன்னாலேயே முடிச்சு புரண்டது. மாஸ்டர் சொன்ன மாதிரியே பல்லைக் காட்டியது. மெல்லிய நைலான் அதற்குள்ளிருந்து சாவகாசமாக உருவிக்கொண்டு போனது. மஞ்சள் நிற முனை தண்ணீரைத் தட்டிக்கொண்டு மோட்டார் படகின் பின்னால் ஓடியது. மாஸ்டருக்கு இரைச்சலில் தெரியவில்லை, போய்க்கொண்டே இருந்தார். எதிர்க்காற்று எங்களைப் பின்னால் தள்ளியது. பக்கவாட்டில் கழிகள் நெருங்கின. அதில் கட்டியிருந்த வலை தெரிந்தது.

நான் என்னென்னவோ கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. அவள் குரல்தான் நினைவிருக்கிறது.

“பாய ஏத்து!”

ஏற்றினேன். எனக்கு யோசிக்க நேரமில்லை. படகு துடித்தது.

“ஷீட் இழு! இன்னும்! விடு! குனி!”

குனிந்தேன். பூம் தலைக்கு மேலே விஷ்ஷென்று போனது. படகு அப்படியே திரும்பிக் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டது. கடைசிக் கழிக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு கை இடைவெளி இருந்திருக்கும். ஒரு வலையைக்கூடத் தொடாமல் அவள் அந்தப் படகைக் கரைக்குக் கொண்டுவந்து மணலில் ஏற்றினாள். ஐடி பிள்ளைகள் கைதட்டினார்கள்.

மாஸ்டர் திரும்பி வந்தார். “திருப்பினது சூப்பர் டீச்சர்” என்றார். பிறகு என் பெயிண்டரின் முனையைத் தூக்கிப் பார்த்தார். “முடிச்சு யாரு?”

நான் வாயைத் திறப்பதற்கு முன் அவள் சொன்னாள். “ஸ்கிப்பர் நான்தானே. கிளம்புறதுக்கு முன்னாடி பாத்தேன். தப்புன்னு தெரிஞ்சுது. சொல்லலை.”

அதுதான் என்னை அடித்தது. பூம் அடித்ததைவிட.

“கட்டினது நான்யா” என்றேன். “அவள ஒண்ணும் சொல்லாத.”

“யாரு கட்டினா இன்னா நைனா? போட்ல எல்லாம் ஸ்கிப்பர் தலையிலதான்.” அவர் குரல் தணிந்தது. “இன்னிக்கு ரவுண்டு கிடையாது டீச்சர். முடிச்சு நிக்காம மிதவைக்கு வுட மாட்டேன். அடுத்த ஞாயிறு ஒண்ணுதான் பாக்கி. அதோட இந்த வருஷம் சரி.”

காரில் திரும்பினோம். திருவான்மியூர் சிக்னலில் நின்றோம். அவள் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“பாத்தியே, ஏன் சொல்லல?” என்றேன்.

“எல்லாரும் நின்னாங்க.”

“அதுனால?”

“அத்தன பேரு முன்னாடி ‘அவுத்துக் கட்டுங்க’ன்னு உங்ககிட்ட எப்படிச் சொல்ல? நீங்க எந்திரிச்சுப் போயிருவீங்க.”

எனக்குத் தெரிந்துவிட்டது எதைச் சொல்கிறாள் என்று. கல்யாணமான முதல் வருடம், தி.நகரில் அவர்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்து அவள் சித்தப்பாக்களிடம் தாமிரபரணி கேரளாவிலிருந்து வருகிறது என்று அடித்துப் பேசிக்கொண்டிருந்தேன். பரிமாறிக்கொண்டிருந்தவள் குனிந்து, “இல்லங்க, பொதிகை மலை” என்றாள். திருநெல்வேலிக்காரர்கள் சிரித்தார்கள். நான் சாம்பார் ஊற்றின இலையை விட்டு எழுந்து, பஸ் ஏறி, கே.கே. நகருக்குப் போய்விட்டேன். அதற்குப் பிறகு நாலு பேர் நடுவில் அவள் என்னைத் திருத்தியதே இல்லை. நான் அதை இத்தனை வருடம் கவனிக்கவே இல்லை. நான் எப்போதும் சரியாகத்தான் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

“நான் அவ்ளோ மோசமாவா கீறேன்?”

“ஆமாங்க” என்றாள்.

சிக்னலில் பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தான் ஒருவன். கண்ணாடியை இறக்கி அவனைத் திட்டினேன். திட்டி முடித்து வண்டியை எடுத்தபிறகு, “ஆனா நீ ‘குனி’ன்னு சொன்னே. நான் கேட்டேன்” என்றேன்.

“‘குனிங்க’ன்னுதான் சொன்னேன். ‘ங்க’ காத்துல போயிருச்சு.”

“பொய்யி.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று தெரிந்தது.

அந்த வாரம் இரண்டு நாடாவையும் பட்டறைக்கு எடுத்துப் போனேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மெஷின் மேல் உட்கார்ந்து கட்டினேன், அவிழ்த்தேன், கட்டினேன். கிரீஸ் பட்டு வெள்ளை நாடா கறுப்பாகிவிட்டது. லேத் ஓட்டுகிறவர் எட்டிப் பார்த்தார்.

“இன்னா மொதலாளி, பாவாடைக்கு நாடா கோக்கறீங்களா?”

“உன் வேலயப் பாருய்யா.”

“தைக்கறதுன்னா சொல்லுங்க, என் வூட்ல ரெண்டு கீது.”

பட்டறையே சிரித்தது. நான் கட்டிக்கொண்டே இருந்தேன். வெள்ளிக்கிழமைக்குள் கண்ணை மூடிக்கொண்டு கட்ட வந்துவிட்டது. வீட்டில் சொல்லவில்லை.

ஞாயிறு வந்தது. அதே கரை, அதே கூட்டம். மற்றவர்கள் தேறிவிட்டார்கள், ஆனாலும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். நான் தடிக் கயிற்றை மடித்தேன். மெல்லியதைக் கீழிருந்து கொண்டுவந்தேன், பின்னால் சுற்றினேன், அதன் கழுத்துக்கு அடியிலேயே நுழைத்து இழுத்தேன். நிமிர்ந்து உட்கார்ந்தேன். பெருமையாகத்தான் இருந்தது.

அவள் படகின் பின்பக்கத்திலிருந்து எழுந்து வந்தாள். என் பக்கத்தில் ஒரு காலை மடக்கி மெதுவாக முட்டி போட்டாள். வலித்திருக்கும், முகம் சுருங்கியது. முடிச்சைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். கரையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மாஸ்டர் மோட்டார் படகில் நின்றபடி வேறு பக்கம் பார்த்தார்.

“அவுருங்க” என்றாள்.

மெதுவாகச் சொல்லவில்லை. வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கும் குரல் அது.

“அங்கிள், மறுபடியும் அவுட்டா?” என்று கரையிலிருந்து ஒரு பையன் கேட்டான்.

எனக்குக் காதுவரை சூடேறியது. ஒரு வாரம் முழுக்கக் கட்டியிருக்கிறேன். நிற்கிற முடிச்சுதான். எழுந்து போக ஒரு கால் தானாக நகர்ந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், நகர்ந்தது. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. முடிச்சைத்தான் பார்த்தாள்.

“ரெண்டு கயித்து வாலும் ஒரே பக்கம் இருக்கணும். உங்களுது ஒண்ணு இந்தப் பக்கம், ஒண்ணு அந்தப் பக்கம். இதுவும் பிடிக்கும், ஆனா பாதி பலம்தான். அவுத்துக் கட்டுங்க.”

பார்த்தேன். சரிதான். நுழைக்கிற திசையை மாற்றியிருக்கிறேன். ஒரு வாரமாக ஆயிரம் தடவை, அழகாக, தப்பாகவே கட்டியிருக்கிறேன்.

அவிழ்த்தேன். மாஸ்டர் சொன்னது உண்மைதான், சுளுவாக அவிழ்ந்தது. மறுபடி கட்டினேன். அவள் இரண்டு பக்கமும் பிடித்து ஒரு இழு இழுத்துப் பார்த்தாள். “ம்” என்றாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து தன் இடத்துக்குப் போனாள்.

மோட்டார் இழுத்தது. கயிறு விறைத்தது. நான் முடிச்சை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. போன வாரம் புரண்ட இடம் வந்தது. இறுகியது. தண்ணீர் சொட்டியது. இன்னும் இறுகியது.

“முன்னாடி பாருங்க” என்றாள் பின்னாலிருந்து. “முடிச்சு எங்கயும் ஓடிப் போயிராது.”

அகலத்துக்கு வந்தோம். மாஸ்டர் கயிற்றை வாங்கிக்கொண்டு ஒதுங்கினார். அவள் “பாய்” என்றாள், ஏற்றினேன். முதல் மிதவையை நோக்கிக் காற்று நேர் எதிரே அடித்தது. அவள் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று அந்தக் காற்றுக்குள்ளேயே ஏறிப் போனாள். கரும்பலகையில் போடுகிற அம்புக்குறிகளை அன்றைக்குத்தான் அவள் கையில் பார்த்தேன். மூன்று மிதவையும் சுற்றினோம். மாஸ்டர் தூரத்திலிருந்து கட்டைவிரலை உயர்த்தினார்.

மறுநாள் அவள் அந்தப் பதினொன்றாம் வகுப்புக்குப் போய் என்ன சொன்னாள், அந்தப் பெண் என்ன சொன்னாள் என்பதெல்லாம் அவள் சொல்லிக்கொள்ள வேண்டிய கதை. எனக்கு நினைவிருப்பது கரைக்குத் திரும்பி வந்த அந்தப் பத்து நிமிடம்தான். காற்று முதுகில் இருந்தது. வேலை ஒன்றுமில்லை. அவள் சுக்கானில் ஒரு கையை வைத்துக்கொண்டு, வலிக்கிற காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முடி கலைந்து முகத்தில் விழுந்தது, ஒதுக்கவில்லை.

“அட்டை வந்தா இனிமே படகு நான் எடுக்கலாம்” என்றாள்.

“தெரியும்.”

“துணை வேணும்.”

“உன் தங்கச்சியக் கேளு. கணக்கு டீச்சரக் கேளு. கீழ் வீட்ல கேளு.”

“இந்தத் தடவ உங்களத்தான் முதல்ல கேக்கேன்.”

“யோசிக்கணும்” என்றேன்.

“யோசிங்க. இப்பம் திரும்பப் போறேன், குனிஞ்சுக்கிடுங்க” என்றாள்.

குனிந்தேன். குனிந்து காத்திருந்தேன். அதற்குப் பிறகுதான் பூம் வந்து என் தலைக்கு மேலே போனது. அவள் முழு வாக்கியத்தையும் ‘ங்க’வோடு சொல்லி முடித்த பிறகும் நேரம் மிச்சம் இருந்தது.